மழை அளப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்

போன வெள்ளிக்கிழமை தபால் பெட்டியின் வாயில் அந்தக் கனத்த உறையைத் திணித்துவிட்டு, பெரிய பாரம் இறங்கினவள் மாதிரிக் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாளே நம் நோட்டீஸம்மா, அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உறைக்குள் இருந்தது விவாகரத்துப் பத்திரம். அவள் கையெழுத்துப் போட்டாயிற்று. நாலு மணி நேரப் பஸ் தூரத்தில், ஒரு வானிலை நிலையத்தில் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் அவள் கணவர் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இருபத்தோரு வயது மகளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஏழு வருஷமா அவர் அங்க, நான் இங்க. இதுல ஒரு காகிதம் வந்தா என்ன, வராட்டா என்ன" என்று பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

அந்தக் கலங்கின மனசோடுதான் சனிக்கிழமை வேலைக்குப் போனாள்.

பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அடுத்த வாரம் வளாகத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று வார நோட்டீஸ் தயாரிப்பது அவள் வேலை. செஸ் போட்டி என்றாலும், ரத்த தான முகாம் என்றாலும், கழிவுநீர் பற்றி யாரோ ஒருவர் இரண்டு மணி நேரம் பேசப் போகிறார் என்றாலும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். சனிக்கிழமை சாயங்காலம் முடித்துக் கொடுத்தால், திங்கட்கிழமை காலையில் பதினாலு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டி, எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுவார்கள். நோட்டீஸம்மா என்பது மாணவர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா அறைகளும் நிரம்பிய பிறகு, கடைசி நிமிஷத்தில் யாராவது பெரிய பேராசிரியர் வந்து இடம் கேட்டு நிற்பார். அவருக்காக ஓர் அறையை ஒளித்து வைக்க வேண்டும். காலி என்று தெரிந்தால் ஏதாவது ஒரு துறை வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதனால், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இல்லாத ஒரு கூட்டத்தின் பெயரை அந்த இடத்தில் எழுதி வைப்பாள். பிரிவில் அதற்குப் பெயரே 'துண்டு' தான். சனிக்கிழமை சாயங்காலம்வரை யாரும் வராவிட்டால் துண்டை எடுத்துவிட்டு நோட்டீஸை முடிப்பாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் போட்டுவந்த துண்டு ஒரே துண்டுதான். 'மழை அளப்போர் சங்கம். ஆண்டுக் கூட்டம். அனைவரும் வருக. தேநீர் உண்டு.'

இந்தச் சனிக்கிழமை அதை எடுக்க மறந்துபோனாள்.

மறந்தது அவளுக்குத் தெரியவும் இல்லை. வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குப் போன் அடிக்கும்வரை.

"மேடம், இன்னிக்கு நாலு மணிக்கு மழை அளப்போர் சங்கக் கூட்டம் இருக்குல்ல, அதுக்கு முன்கூட்டியே பேர் குடுக்கணுமா?"

"எந்தச் சங்கம்?"

"மழை அளப்போர் சங்கம் மேடம். அறை எண் பன்னிரண்டு. தேநீர் உண்டுன்னு போட்டிருக்கே."

"வேண்டாம், நேரா வாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா.

போனை வைத்துவிட்டுப் பிரிவுத் தலைவரின் அறைக்கு ஓடினாள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்த நோட்டீஸின் கீழேயும் அவர் கையெழுத்து அழகாகச் சுழித்துக்கொண்டு நின்றது.

"சார், துண்டை எடுக்காம விட்டுட்டேன். ரத்துன்னு ஒரு சீட்டு ஒட்டிடட்டுமா?"

"ரத்துன்னா மூணு நாள் முன்னாடி ஒட்டணும்மா. அந்த விதியை டைப் பண்ணதே நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்ப நடத்திடுங்க."

"என்னத்தை நடத்துறது? சங்கமே இல்லையே."

"யார் வரப் போறாங்க. பத்து நிமிஷம் ஏதாவது சொல்லி, டீயைக் குடுத்து அனுப்பிடுங்க. என் கையெழுத்துக்குக் கீழ பொய்யா ஒரு வரி வந்துச்சுன்னு யாரும் பேசக் கூடாது." அவர் அடுத்த காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

சங்கமே இல்லை என்று சொன்னாளே தவிர, அது முழு உண்மை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், இதே வளாகத்தில், பதினோரு மாணவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். வளாகம் முழுக்க மழை ஒரே அளவாகத்தான் பெய்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பதினோரு பால்பவுடர் டப்பாக்கள், பதினோரு மர ஸ்கேல்கள். காலை ஏழு மணிக்கு அவரவர் டப்பாவில் தண்ணீரை அளந்து செயலாளரிடம் சொல்ல வேண்டும். செயலாளர் நம் நோட்டீஸம்மா. பெண்கள் விடுதி வாசலில் இருந்த டப்பாவுக்குப் பொறுப்பு, பின்னால் அவள் கணவரான அவர். அப்போது அவர் இல்லை, அவன். ஒல்லியாக, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, யாராவது பேசினால் தரையைப் பார்ப்பான்.

அவளுக்கு அந்த நாட்கள்மேல் இப்போதும் கொள்ளை ஆசை. மனுஷன்மேல் கோபம் வந்தபோதெல்லாம் கூட அந்த நாட்கள்மேல் கோபம் வந்ததில்லை. இல்லாவிட்டால் வாரம் தவறாமல் அந்தப் பெயரை எழுதி, வாரம் தவறாமல் அழித்துக்கொண்டு இருப்பாளா?

மதியம் கேன்டீனில் மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். இதே பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். சனிக்கிழமை நாடக விழா, அதில் அவள் குழுவுக்கும் ஒரு நாடகம். வீட்டில் இன்னும் பாப்பாதான். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அம்மா, நீ இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாது."

"என்னடி?"

"நடிக்காத. நாடகத்துல நடிக்கிறது நானு. நாலு நாளா நீயே சொல்லுவேன்னு பார்த்துட்டு இருக்கேன்."

"எதைச் சொல்லணும்?"

"அப்பா வர்றார்."

அவள் கையில் இருந்த டம்ளர் மேசையில் சத்தமாக உட்கார்ந்தது.

"வாரா வாரம் திங்கட்கிழமை உன் நோட்டீஸை அப்பாவுக்கு அனுப்புவேன். ஏழு வருஷமா அனுப்புறேன். உனக்குத் தெரியாதுல்ல?" என்றாள் மகள். "அவரும் ஒண்ணு விடாம படிப்பார். ஒரு தடவை பரீட்சை மும்முரத்துல அனுப்ப மறந்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல போன் பண்ணி, இந்த வாரம் உங்கம்மாகிட்டேர்ந்து கடிதம் வரலையேன்னு கேட்டார்."

"கடிதமா?"

"அப்படித்தான் சொல்லுவார். இந்தத் தடவை அனுப்பினதும் உடனே பதில் வந்துச்சு. வர்றேன், அவ்வளவுதான். லீவு போட்டுட்டு வர்றார். சங்கம் பேரைப் போட்டு நீ கூப்பிட்டா அவர் வராம இருப்பாரா? எப்படிம்மா உனக்கு இப்படித் தோணுச்சு?"

இதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாப்பா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு கையைப் பிடித்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"பாப்பா, நான் கூப்பிடல. அது தவறி வந்த வரி. அழிக்க மறந்துட்டேன்."

"சும்மா சொல்லாத."

"நிஜமா. அதோட, வெள்ளிக்கிழமை உங்கப்பாவுக்கு ஒரு உறை அனுப்பினேன். விவாகரத்துப் பத்திரம். என் கையெழுத்து போட்டுட்டேன்."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் யாரோ டேபிள் டென்னிஸ் இறுதிப் போட்டி பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இப்ப?"

"நீ படிப்பு முடிச்சுட்டுப் போயிடுவ. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. ஒண்ணும் இல்லாததைக் கட்டிக்கிட்டு எதுக்கு இருக்கணும்னு தோணுச்சு."

"அன்னிக்கு அப்பா அந்த வேலைக்கு உன்னைக் கேக்காம கையெழுத்து போட்டுட்டு வந்துதான் சொன்னார். அதுக்குத்தானே நீ கூடப் போக மாட்டேன்னு நின்ன. நீ மட்டும் இப்ப யாரைக் கேட்டுப் போட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

பாப்பா கேட்டது நியாயம்தான். கணவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டார். அவளும் ஒரு வாரம் கோபமாக இருந்து விட்டுவிட்டிருக்கலாம். ஒரு வாரம் ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் யார் முதலில் பேசுவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது.

"எனக்கு ஒத்திகை இருக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு மகள் போய்விட்டாள். தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

அறை எண் பன்னிரண்டில் படிப்படியாக மேலே போகும் மர பெஞ்சுகள். பெஞ்சு முழுக்க முப்பது நாற்பது வருஷப் பெயர்கள் கீறிக் கிடக்கும். பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும், அவர் வந்தால் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நாலு மணிக்கு உள்ளே போனாள்.

ஏழு மாணவர்கள் வந்திருந்தார்கள். அதில் நாலு பேர் டீக்காக வந்தவர்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. மடியில் ஒரு தோள்பை. சட்டைக் கை முழங்கைவரை மடித்துத்தான் இருந்தது. அவள் பார்த்ததும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து, பாதியில் உட்கார்ந்தார்.

அவளுக்கு மேடைப் பழக்கம் கிடையாது. அடுத்தவர் பேச்சுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்தவள், தான் பேச வேண்டி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றாள்.

"இது ரொம்பப் பழைய சங்கம்" என்று ஒருவழியாகத் தொடங்கினாள். "பதினோரு பேர் இருந்தோம். வளாகத்துல மழை எங்க அதிகம்னு கண்டுபிடிக்கணும்னு அளந்தோம். கண்டுபிடிச்சோம். நூலகத்துப் பக்கம்தான் அதிகம். மத்த இடத்தைவிட மூணு பங்கு."

"எப்படி மேடம்? அவ்வளவு வித்தியாசம் வருமா?" என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. யாரோ டப்பாவைக் கூரைத் தண்ணி விழற குழாய்க்கு நேர் கீழ வச்சிருந்தாங்க."

ஏழு பேரும் சிரித்தார்கள்.

"யாரோ இல்ல, செயலாளர்தான் வச்சது" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"நான் வைக்கல. நீங்க வச்சது."

"நான் பெண்கள் விடுதி டப்பா. நூலகம் பக்கமே வரல."

"எல்லா டப்பாவையும் முதல் நாள் சுமந்துட்டு வந்தது யாராம்?"

மாணவர்கள் முன்னாலும் பின்னாலும் தலையைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். டீக்கு வந்த நாலு பேரும் டீயை மறந்துபோனார்கள். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. பேசப் பேச அவளுக்கு அந்தக் காலை நேரமெல்லாம் திரும்பி வந்தது. ஈரப் புல், டப்பாவில் விழுந்து கிடக்கும் இலை, ஸ்கேலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணை மூடுகிற அந்த ஒல்லிப் பையன். அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்தாள்.

"மழை இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரப் பெண்.

"டப்பா காலியா இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லணும்" என்றார் கடைசி வரிசை. "அப்படி ஒரு விதி இருந்துச்சு. ஒரு தடவை நாப்பத்தோரு நாள் மழையே இல்ல. நாப்பத்தோரு நாளும் காலைல ஏழு மணிக்கு விடுதி வாசலுக்குப் போய், மழை இல்லன்னு செயலாளர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"வானத்தைப் பார்த்தாலே தெரியுமே சார்."

"தெரியும். ஆனா விதி விதிதானே."

சிரிப்பு அடங்கியது. அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. பெற்ற மகளிடமும் சொன்னதில்லை, கட்டின கணவரிடமும் சொன்னதில்லை.

"அந்த விதி கிடையாது" என்றாள்.

"என்னது?"

"மழை பெஞ்ச நாள் மட்டும் அளந்தா போதும்னுதான் சங்கத்துல முடிவு பண்ணோம். உங்களுக்கு எழுதிக் குடுத்த தாள்ல மட்டும் தினமும்னு எழுதினேன்."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான். மத்த ஒன்பது பேரும் மழை இல்லாத நாள்ல தூங்கிட்டுதான் இருந்தாங்க."

கண்ணாடிக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்தாள். அவர் பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

டீ வந்தது, தீர்ந்தது. போகும்போது ஏழு பேரும் ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்கள். நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அறையில் இரண்டே பேர். மணி ஐந்தே கால்.

அவர் படி இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தோள்பையைத் திறந்து அந்தக் கனத்த உறையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிரித்திருந்தது.

"திங்கக்கிழமை காலைல இது வந்துச்சு" என்றார். "பத்து மணிக்குப் பாப்பா நோட்டீஸை அனுப்பினா. ரெண்டும் நீ எழுதினதுதான். இதுல எதை மனசார எழுதினேன்னு எனக்குப் புரியல. அதான் நேர்லயே கேக்கலாம்னு வந்தேன்."

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆமாம், உங்களைக் கூப்பிடத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நமக்கும் கதை சுளுவாக முடிந்திருக்கும். நம் ஆள் அப்படிப்பட்டவள் இல்லை.

"நோட்டீஸ்ல வந்தது என் தப்பு. அழிக்க மறந்துட்டேன். உங்களை வரச் சொல்லிப் போடல."

அவர் முகம் வாடிப்போனது. மறைக்கத் தெரியாத மனுஷன்.

"சரி" என்றார். "பரவாயில்ல. வந்ததுல ஒரு விஷயம் தெரிஞ்சுது. நாப்பத்தோரு நாளும் விதியைச் சாக்கு வச்சு உன்னைப் பாக்க வந்து நான்தான் ஏமாத்துறேன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கப் பார்த்து இரண்டும் முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருக்கான இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல் பத்திரத்தின்மேல் வைத்தார்.

"ஒரு தடவை உன்னைக் கேக்காம போட்டேன். ஏழு வருஷம் போச்சு. இதையும் கேக்காம போட எனக்குக் கை வரல" என்றார். "நீ சொல்லு. போடட்டுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று ஏழு வருஷமாக ஆயிரம் தடவை யோசித்து வைத்திருக்கிறாள். இன்றைக்குக் கேட்டதும் ஒன்றும் ஓடவில்லை. போடுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"உங்க பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறே கால்."

அவள் மேசையைச் சுற்றி வந்து, பத்திரம் வைத்திருந்த அதே பெஞ்சில், அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அதுக்குள்ள சொல்றேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அவசரமே இல்லாதவர் மாதிரிக் காலை நீட்டிக்கொண்டார். வாசலில் நாடக உடுப்போடு பாப்பா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.